தந்தையும் பிள்ளைகளும் செய்த சண்டை எந்திரம்!
தகடு கிழிந்தும் தளராத "பெரியண்ணன்"

அதற்கு ரத்தம் கிடையாது. சதை கிடையாது. உயிரும் கிடையாது.

ஆனால் அது சண்டை போடும்! முட்டும், மோதும், எதிரியைத் தூக்கி எறியும். அடி வாங்கிக் கவிழ்ந்து விழுந்தால், தானாகவே புரண்டு எழும்.

அந்த எந்திரத்தைச் செய்தது ஒரு குடும்பம். தந்தை, மகன், மகள் ஆகிய மூவரும் சேர்ந்து அதைச் செய்தார்கள். பிள்ளைகள் இருவரும் அப்போது பள்ளிக்கூடம் போகும் வயதினர்.

இங்கிலாந்து நாட்டையே டெலிவிஷன் முன்னால் உட்கார வைத்த அந்த எந்திரத்தின் கதை இது.

தண்டலத்து எந்திரங்கள்

சென்னையில் இருந்து பெங்களூர் செல்லும் பெருஞ்சாலையில், பூந்தமல்லியைத் தாண்டிப் போனால் தண்டலம் வரும். சாலை ஓரத்தில் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. இன்னும் சிறிது தூரம் போனால் இருங்காட்டுக்கோட்டை. அதை அடுத்து ஸ்ரீபெரும்புதூர். ஒரு பக்கமாகத் திரும்பினால் ஒரகடம்.

கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர், கண்ணாடி என்று எத்தனையோ பொருள்கள் இந்த வட்டாரத்தில் உற்பத்தி ஆகின்றன. இரவும் பகலும் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு பஸ்கள் ஓடுகின்றன.

அந்தக் கார் தொழிற்சாலைகளின் உள்ளே எந்திரக் கைகள் உண்டு. ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். தகட்டோடு தகட்டைச் சேர்த்து அவை பற்றவைக்கும். தீப்பொறி பறக்கும். ஒரே வேலையை நாள் முழுவதும் அலுக்காமல் செய்யும். அவற்றைச் சுற்றி வேலி போட்டிருப்பார்கள். ஏனென்றால், குறுக்கே ஆள் வந்தது தெரியாமல் அவை இடித்துவிடக் கூடும்.

இவை உழைக்கும் எந்திரங்கள். இவற்றுக்கு ஒரு முரட்டுத் தம்பி உண்டு. அதுதான் சண்டை எந்திரம்!

1998-ம் ஆண்டு இரண்டுக்கும் முக்கியமான ஆண்டு. அந்த ஆண்டில்தான் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் தொழிற்சாலையில் இருந்து "சான்ட்ரோ" கார் விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டில்தான் இங்கிலாந்தின் பி.பி.சி. டெலிவிஷனில் "ரோபோட் வார்ஸ்" என்ற எந்திரச் சண்டை நிகழ்ச்சி தொடங்கியது.

வீடு கூட்டப் போய் வந்த யோசனை

இந்த விளையாட்டு பிறந்த கதை வேடிக்கையானது.

அமெரிக்காவில் மார்க் தார்ப் என்று ஒருவர். சினிமாவுக்கு மாதிரிப் பொருள்கள் செய்வதில் கெட்டிக்காரர். "ஸ்டார் வார்ஸ்" படம் எடுத்த ஜார்ஜ் லூகாஸின் கம்பெனியில் வேலை பார்த்தவர்.

தரையில் உள்ள தூசியை உறிஞ்சும் எந்திரம் ஒன்று அவரிடம் இருந்தது. அதை ரேடியோ மூலம் தூரத்தில் இருந்தே ஓட்டினால் என்ன என்று 1992-ம் ஆண்டில் அவர் முயன்று பார்த்தார். தூசி சரியாகப் போகவில்லை. ஆனால் யோசனை ஒன்று வந்தது. "இப்படி இரண்டு எந்திரங்கள் ஒன்றோடு ஒன்று மோதினால் எப்படி இருக்கும்?"

1994-ம் ஆண்டில் சான்பிரான்சிஸ்கோ நகரில் முதல் போட்டியை அவர் நடத்தினார். அவர் எதிர்பார்த்ததற்கு மேலாகவே ஜனங்கள் கூடினார்கள். அங்கே பிறந்த விளையாட்டு கடல் தாண்டி இங்கிலாந்துக்கும் போய்ச் சேர்ந்தது.

சண்டை நடப்பது எப்படி?

"ரோபோட்" என்று சொன்னாலும், சண்டை எந்திரம் தானாக யோசிப்பது இல்லை. அரங்குக்கு வெளியே நிற்கும் மனிதர், கையில் உள்ள ரேடியோ பெட்டியால் அதை ஓட்டுகிறார். எந்திரத்தின் வயிற்றில் பாட்டரி, மோட்டார், கட்டளையைப் பெறும் கருவி ஆகியவை இருக்கும். வெளியே கனமான தகடு கவசமாக இருக்கும்.

அரங்கைச் சுற்றிலும் உறுதியான பிளாஸ்டிக் சுவர். உடைந்த துண்டு பறந்து வந்து பார்ப்பவர்கள் மேல் படாமல் இருக்க இந்த ஏற்பாடு.

எதிரியை அசைய முடியாமல் செய்துவிட்டால் வெற்றி. அரங்கில் உள்ள குழியில் தள்ளிவிட்டாலும் வெற்றி. நேரம் முடிந்தும் இரண்டும் ஓடிக்கொண்டு இருந்தால், நடுவர்கள் தீர்ப்புச் சொல்வார்கள். யார் அதிக சேதம் செய்தது? யார் துணிந்து தாக்கியது? யார் எந்திரத்தைக் கட்டுப்பாட்டோடு ஓட்டியது? இவற்றைப் பார்த்து மார்க்குப் போடுவார்கள்.

எடைக்கும் கட்டுப்பாடு உண்டு. மல்யுத்தத்தில் இருப்பது போல இங்கேயும் எடைக்கு ஏற்ற பிரிவுகள் இருக்கின்றன. பெரிய எந்திரங்கள் நூறு கிலோவுக்கு மேலும் இருக்கும். இரண்டு மூட்டை அரிசியைத் தூக்கி வீசுவது போன்ற சண்டை!

பம்பரமும் நெம்புகோலும்

சண்டை எந்திரங்களின் ஆயுதங்கள் பல வகை. அவற்றில் மூன்று முக்கியமானவை.

முதலாவது, சுழலும் ஆயுதம். கனமான இரும்புச் சக்கரம் அல்லது பட்டையை மோட்டார் படுவேகமாகச் சுற்றும். நம் பிள்ளைகள் விடும் பம்பரத்தை நினைத்துப் பாருங்கள். சுழலும் பம்பரத்தில் விரலை வைத்தால் சுள்ளென்று அடிக்கிறது அல்லவா? சில கிலோ இரும்பு அப்படிச் சுழன்றால் என்ன ஆகும்! அமெரிக்காவில் நடக்கும் "பேட்டில்பாட்ஸ்" போட்டியில், ஆயுதத்தின் முனை மணிக்கு 250 மைல் வேகத்தைத் தாண்டக் கூடாது என்றே விதி வைத்திருக்கிறார்கள். அதாவது சுமார் 400 கிலோ மீட்டர் வேகம்!

இரண்டாவது, தூக்கி எறியும் ஆயுதம். எந்திரத்துக்குள் சிறிய சிலிண்டர் ஒன்றில் வாயுவை அழுத்தி அடைத்திருப்பார்கள். பொத்தானை அழுத்தியதும் வாயு சீறிக்கொண்டு வரும். முன்பக்கத் தகடு நெம்புகோல் போல மேலே எழும்பும். எதிரி ஆகாயத்தில் கரணம் அடித்து விழுவான்.

மூன்றாவது, நசுக்கும் ஆயுதம். பாக்குவெட்டி போல இரண்டு தாடைகள். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும். மெதுவாகத்தான் மூடும். ஆனால் பிடித்தால் விடாது.

சுழல்வது, தூக்குவது, நசுக்குவது ஆகிய இந்த மூன்றும் ஒரே போட்டியில் சந்தித்தன. நம் கதையின் சிகரமே அதுதான்.

பெரியண்ணன் பிறந்தான்

இங்கிலாந்தின் தெற்குப் பகுதியைச் சேர்ந்தவர் இயன் வாட்ஸ். அவர் தம் மகனையும் மகளையும் சேர்த்துக்கொண்டு ஒரு சண்டை எந்திரம் செய்தார். அதற்கு "பிக் பிரதர்" என்று பெயர் வைத்தார்கள். தமிழில் சொன்னால் "பெரியண்ணன்".

2000-ம் ஆண்டில், நான்காவது "ரோபோட் வார்ஸ்" போட்டித் தொடரில் பெரியண்ணன் களம் இறங்கினான். பட்டம் கிடைக்கவில்லை.

தோற்ற எந்திரத்தை மூலையில் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போயிருக்கலாம். இந்தக் குடும்பம் அப்படிச் செய்யவில்லை. இன்னும் வலுவான ஒன்றைச் செய்தார்கள். பெரியண்ணனைவிடப் பெரியவன் என்று பொருள்பட "பிக்கர் பிரதர்" என்று அதற்குப் பெயரிட்டார்கள். முன்பக்கம் காற்றழுத்தத்தால் எழும்பும் தூக்கியே அதன் ஆயுதம்.

ஐந்தாவது போட்டித் தொடர் 2001-ம் ஆண்டு டெலிவிஷனில் வரத் தொடங்கியது. அந்தத் தொடரில் இந்தப் புதிய அண்ணன் ஒவ்வொரு சுற்றாக வென்றுகொண்டே வந்தான். கடைசிக் கட்டத்துக்கு வந்த நான்கு எந்திரங்களில் அவனும் ஒருவன். மற்ற மூன்றும் ஹிப்னோ டிஸ்க், ரேசர், பயர்ஸ்டார்ம்.

அவன் முதலில் மோத வேண்டியது ஹிப்னோ டிஸ்க்கோடு.

குடும்பத்தோடு குடும்பம் மோதியது

ஹிப்னோ டிஸ்க் என்றால் எல்லோருக்கும் நடுக்கம். சுழலும் சக்கரம்தான் அதன் ஆயுதம். அது பட்ட இடத்தில் தகடு காகிதம் போலக் கிழியும். அதனிடம் அகப்பட்ட எந்திரங்களில் பல, துண்டு துண்டாகத்தான் வீடு திரும்பின.

அதைச் செய்தவர்களும் ஒரு குடும்பத்தினரே. ரோஸ் குடும்பம். மூன்றாவது தொடரின் இறுதிப் போட்டி வரை வந்து, "கேயாஸ் 2" என்ற எந்திரத்திடம் பட்டத்தை இழந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கும் இந்த முறை பட்டம் வேண்டும்.

ஆக, ஒரு வீட்டார் செய்த எந்திரமும் இன்னொரு வீட்டார் செய்த எந்திரமும் எதிர் எதிரே நின்றன.

சண்டை தொடங்கியது.

ஹிப்னோ டிஸ்க் பாய்ந்தது. சக்கரம் பட்டது. பெரியண்ணனின் உடம்பில் இருந்து தகடு பிய்ந்து பறந்தது. மறுபடியும் அடி. மறுபடியும் சேதம். சில மாதம் கண் விழித்துச் செய்த வேலை, கண் முன்னே சில நொடியில் கிழிந்துகொண்டு இருந்தது.

இந்த இடத்தில் ஓர் எந்திர ரகசியத்தைச் சொல்ல வேண்டும். சுழலும் சக்கரம் ஒருமுறை அடித்ததும் அதன் வேகம் குறைந்துவிடும். மறுபடியும் முழு வேகம் பெறச் சற்று நேரம் வேண்டும். எதிரி விலகி ஓடினால் அந்த நேரம் அதற்குக் கிடைக்கும். நெருங்கி நின்று இடித்துக்கொண்டே இருந்தால் கிடைக்காது. இன்னொன்றும் உண்டு. சக்கரம் எதிரிக்குக் கொடுக்கும் அதிர்ச்சி, திரும்பி வந்து அதன் உடம்பையும் உலுக்கும். சுவரைக் குத்தியவனுக்குக் கை வலிப்பது போல!

ஆகவே, சக்கரத்தைக் கண்டு பயந்து ஓடுகிறவனுக்கே ஆபத்து அதிகம்.

பெரியண்ணன் ஓடவில்லை. உடம்பு உருக்குலைந்தும் சக்கரம் ஓடியது, மோட்டார் நிற்கவில்லை. கடைசியில் தோற்றது ஹிப்னோ டிஸ்க்!

தோற்றவனுக்கு உடம்பில் அவ்வளவு காயம் தெரியவில்லை. வென்றவனோ கந்தல் கந்தலாக நின்றான். "ரோபோட் வார்ஸ்" ரசிகர்கள் இன்றும் மறக்காமல் பேசும் சண்டைகளில் இதுவும் ஒன்று.

பாக்குவெட்டியின் பிடியில்

வென்றாயிற்று. ஆனால் அடுத்தது இறுதிப் போட்டி!

கிழிந்த தகட்டை நிமிர்த்த வேண்டும். அறுந்த ஒயரை இணைக்க வேண்டும். உடைந்ததை மாற்ற வேண்டும். அரங்குக்குப் பின்னால் உள்ள பட்டறையில்தான் இந்த விளையாட்டின் உண்மையான உயிர் இருக்கிறது என்று சொல்லலாம். சற்று முன் மோதிக்கொண்டவர்களே ஒருவருக்கு ஒருவர் கருவி கொடுப்பதும், உதிரிப் பாகம் கொடுப்பதும் அங்கே வழக்கம். எதிரி உடைந்து கிடக்கும்போது கிடைக்கும் வெற்றியை யாரும் அங்கே பெருமையாக நினைப்பது இல்லை.

பெரியண்ணன் மறுபடியும் எழுந்து நின்றான். இறுதிப் போட்டிக்கும் வந்து சேர்ந்தான்.

எதிரே நின்றது ரேசர். பாக்குவெட்டி தாடை கொண்ட அந்த எந்திரத்தை மூன்று நண்பர்கள் சேர்ந்து செய்திருந்தார்கள். பார்க்கவும் அழகு; பிடிக்கவும் பலம். அதன் பிடியில் இருந்து தப்பியவை குறைவு.

ரேசர் வென்றது. பட்டம் அதற்கே போயிற்று. பெரியண்ணனுக்கு இரண்டாம் இடம்.

பிறகும் அந்தக் குடும்பம் போட்டிக்கு வந்தது. பட்டம் மட்டும் கிட்டவே இல்லை. சில ஆண்டுகளில் அந்த டெலிவிஷன் நிகழ்ச்சியும் நின்றுபோயிற்று. 2016-ம் ஆண்டு அதை மீண்டும் தொடங்கினார்கள். அப்போது "ஆர் டே" என்ற புது எந்திரத்தோடு வந்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? அதே இயன் வாட்ஸ்! அந்தப் புதிய நிகழ்ச்சியும் 2018-ம் ஆண்டில் நின்றது.

மகள் சொன்ன தந்திரம்

குடும்பமாகச் சேர்ந்து சண்டை எந்திரம் செய்வது இங்கிலாந்தில் மட்டும் அல்ல.

அமெரிக்காவில் "பேட்டில்பாட்ஸ்" போட்டியை உருவாக்கியவர்களான டிரே ராஸ்கியும் கிரெக் மன்சனும் உறவு முறையில் சகோதரர்கள். இருவரும் 1990-களில் "லா மெஷின்" என்ற எந்திரத்தைச் செய்து போட்டிகளில் வென்றவர்கள்.

"சிம் சிட்டி" என்ற கம்ப்யூட்டர் விளையாட்டை உருவாக்கியவர் வில் ரைட். அவரும் அவர் மகளும் சேர்ந்து ஒரு சண்டை எந்திரம் செய்தார்கள். பெயர் "கிட்டி பப் பப்". பூனைக்குட்டிப் பெயர்! அதனிடம் கத்தியும் இல்லை, சுத்தியலும் இல்லை. ஒட்டும் நாடா ஒன்றை எதிரியின் மேல் ஒட்டிவிட்டு, எதிரியைச் சுற்றிச் சுற்றி வரும். நூல்கண்டில் மாட்டிய பூனை போல எதிரி அசைய முடியாமல் நிற்பான். அவ்வளவுதான், சண்டை முடிந்தது! பிறகு, இந்தத் தந்திரம் கூடாது என்று போட்டிக்காரர்கள் தடையே போட்டுவிட்டார்கள். மூளைக்குப் பயந்து போடப்பட்ட தடை!

அண்மைக் காலத்திலும் உதாரணம் உண்டு. கலிபோர்னியாவைச் சேர்ந்த வாஸ்குவெஸ் குடும்பத்தில் தந்தையும் இரு மகன்களும் சேர்ந்து "விப்லாஷ்" என்ற எந்திரத்தைக் களம் இறக்கினார்கள். நீண்ட கை, அதன் நுனியில் சுழலும் சக்கரம். கையை ஏற்றலாம், இறக்கலாம். எதிரியை அடிக்கவும் செய்யலாம், தூக்கவும் செய்யலாம். பேட்டில்பாட்ஸ் போட்டியில் கன எடை எந்திரம் 250 ராத்தல் வரை இருக்கலாம். ஏறத்தாழ 113 கிலோ. சண்டை நேரமோ மூன்றே நிமிடம்.

2021-ம் ஆண்டு ஒளிபரப்பான இறுதிப் போட்டி வரை விப்லாஷ் முன்னேறியது. அங்கே நியூசிலாந்துக்காரர்களின் "எண்ட் கேம்" எந்திரத்திடம் தோற்றது. இங்கேயும் குடும்பத்துக்கு இரண்டாம் இடம்தான்!

நம் நாட்டில்

நம் நாட்டில் இந்த விளையாட்டு கல்லூரி மாணவர்கள் கையில் இருக்கிறது. பம்பாய் ஐ.ஐ.டி.யின் "டெக்பெஸ்ட்" விழா 1998-ம் ஆண்டு தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யில் "சாஸ்த்ரா" விழா நடக்கிறது. இத்தகைய விழாக்களில் எந்திரச் சண்டையைப் பார்க்க மாணவர்கள் கூட்டம் கூட்டமாகத் திரளுவார்கள். 60 கிலோ எடையுள்ள எந்திரங்களை நம் மாணவர்கள் செய்து மோத விட்டிருக்கிறார்கள்.

ஆனால் கல்லூரி விடுதியில் பிறக்கும் எந்திரத்துக்கும் வீட்டில் பிறக்கும் எந்திரத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. விடுதியில் எல்லோரும் ஒரே வயதினர். வீட்டிலோ அனுபவமும் ஆர்வமும் ஒன்றாக உட்காருகின்றன.

தண்டலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே தந்தை தொழிற்சாலையில் வேலை செய்வார். எந்தத் தகட்டை எந்தச் சூட்டில் பற்றவைக்க வேண்டும் என்பது அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. மகனோ மகளோ பக்கத்துக் கல்லூரியில் படிப்பார்கள். மோட்டார் கணக்கும் மின்சாரக் கணக்கும் பிள்ளைகளுக்கு அத்துப்படி. ஆனால் இரவு சாப்பாட்டு வேளையில் இந்த இரண்டு அறிவும் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்வது அபூர்வம். "சாப்பிட்டாயா? படித்தாயா?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

கெட்டுப்போன மிக்சியைத் தந்தையும் மகளும் சேர்ந்து பிரித்துப் பார்த்தால் போதும். பேச்சு தானாக வளரும்!

150 கிராம் வீரன்

"நூறு கிலோ எந்திரத்துக்கு நாங்கள் எங்கே போவது?" என்று கேட்கலாம்.

போக வேண்டியது இல்லை. "எறும்பு எடை" என்று ஒரு பிரிவு இங்கிலாந்தில் உண்டு. அந்த எந்திரத்தின் எடை 150 கிராம்தான். ஒரு பெரிய தக்காளியின் எடை! சாப்பாட்டு மேஜை அளவு அரங்கு போதும். சிறிய மோட்டார், சிறிய பாட்டரி, உறுதியான பிளாஸ்டிக் தகடு ஆகியவற்றைக் கொண்டு செய்துவிடுகிறார்கள்.

சிறியது என்றாலும் எச்சரிக்கை வேண்டும். சுழலும் ஆயுதம் கண்ணையும் விரலையும் கெடுத்துவிடும். லித்தியம் பாட்டரி அடிபட்டால் தீப்பிடிக்கும். பெரியவர் இல்லாமல் பிள்ளைகள் இதில் இறங்கக் கூடாது. மூடிய அரங்கு இல்லாமல் ஆயுதத்தைச் சுழல விடவும் கூடாது.

பம்பர ஆட்டத்தில் தோற்றவனின் பம்பரத்துக்கு "ஆக்கர்" வைப்பார்கள். ஆணி குத்திக் குத்திப் பம்பரம் எல்லாம் குழி விழும். ஆனாலும் அந்தப் பையன் அதைத் தூக்கி எறிய மாட்டான். மறுநாள் அதே பம்பரத்தோடு வருவான். குழிகளை எண்ணிக் காட்டிப் பெருமையும் பேசுவான்!

பெரியண்ணனும் ஆக்கர் வாங்கிய பம்பரம் போன்றவனே. பட்டம் வாங்கவில்லை. உடம்பெல்லாம் காயம். ஆனால் ஒவ்வொரு காயத்தையும் அடைத்து மூடியது, ஒரு தந்தையும் இரு பிள்ளைகளும் சேர்ந்து பிடித்த கைகள்.

அரங்கில் சண்டை சில நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அந்தச் சில நிமிடத்துக்காகப் பல மாதம் ஒரு குடும்பம் ஒன்றாக உட்கார்ந்திருந்ததே, அந்தப் பரிசை எந்த நடுவரும் எடுத்துக் கொடுக்க முடியாது. எந்த எதிரியும் தட்டிப் பறிக்கவும் முடியாது.